நம்ம வேனுக்கு நாமே தண்ணீர் மாற்றினோம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



நாங்கள் மைக்கைப் பிடித்தாலே தவணை, வட்டி, தணிக்கை என்றுதான் பேசுவோம் என்று உங்களுக்கெல்லாம் ஒரு பயம் இருக்கிறது. இன்னிக்கு அதெல்லாம் இல்லை. வெளியே புளியமரத்தடியில் நிற்கிறதே, நம்ம கூட்டமைப்பு வேன், அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். அதன் வயிற்றுக்குள் இருக்கிற தண்ணீரைப் பற்றி.

2024 மே மாதம் சேலத்தில் கண்காட்சி முடித்துத் திரும்பியபோது நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்காகச் சொல்கிறோம். மதியம் இரண்டு மணி வெயில். வண்டியில் பத்துப் பேர், விற்காத சரக்கு மூன்று மூட்டை. சேலத்திலிருந்து தருமபுரி வரும்போது தொப்பூர் கணவாயில் சாலை ஏறிக்கொண்டே போகும் இல்லையா, அந்த ஏற்றத்தில் வண்டி திணறியது. டிரைவர் தம்பிக்கு முன்னால் இருக்கிற சூடு காட்டும் முள் மேலே போய்க்கொண்டிருந்தது. "மேடு ஏறினா அப்படித்தான்க்கா, இறங்கினா சரியாயிடும்" என்றார். இறங்குவதற்குள் முன்பக்கமிருந்து குபுகுபுவென்று ஆவி.

ஓரங்கட்டினோம். அதுவரைக்கும் சரி. அடுத்து நாம் செய்தது எல்லாமே தப்பு. தம்பி துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினார். கொதிக்கிற தண்ணீர் பீய்ச்சி அடித்து முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோனது, தாடையிலும் பட்டது. டீக்கடையிலிருந்து யாரோ பற்பசை கொண்டுவந்து பூசினார்கள். அதற்குள் நம்ம அக்கா ஒருவர், நல்ல மனசோடுதான், ஒரு குடம் பச்சைத் தண்ணீரை அப்படியே அந்தச் சூட்டில் ஊற்றிவிட்டார். ஆஸ்பத்திரியில் அந்தப் பற்பசையைச் சுரண்டி எடுத்தபோது தம்பி போட்ட சத்தம் இன்னும் எங்கள் காதில் இருக்கிறது.

வண்டியை இழுத்துவந்து ஒர்க்ஷாப்பில் போட்டோம். இன்ஜினின் மேல்பாகமான ஹெட் வளைந்துவிட்டது, கேஸ்கட் போய்விட்டது என்றார் மெக்கானிக் அண்ணன். சூட்டில் ஓட்டியதால் வளைந்ததா, பச்சைத் தண்ணீர் ஊற்றியதால் வளைந்ததா என்று கேட்டோம். "ரெண்டுமே செய்யும்மா" என்றார். பில் 18,000 ரூபாய். வேன் வாடகையில் அந்த வருஷம் நமக்கு மிஞ்சியது அவ்வளவுதான். அடுத்த கூட்டத்தில் "வித்துத் தொலைச்சிடலாம்" என்று பாதிப் பேர், "இது இல்லேன்னா சந்தைக்கு எதில் போவீங்க" என்று பாதிப் பேர். தீர்மான நோட்டில் இரண்டு பக்கம் சண்டைதான் இருக்கிறது.

அப்போதுதான் வேன் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தோம். டீசல் இருக்கிறது, பஞ்சர் இருக்கிறது, டயர், இன்சூரன்ஸ், எஃப்.சி. எல்லாம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் எலுமிச்சம்பழம், பூ, கற்பூரம் இருக்கிறது. மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட கூலண்ட் என்ற வார்த்தை இல்லை. ஒவ்வொரு மாதமும் அந்தப் பக்கத்தின் அடியில் பார்வையிட்டதாகக் கையெழுத்துப் போட்டது யார்? நாங்கள்தான். உங்களை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக எங்களுக்கு வாய் வரவில்லை.

சரி, அந்தத் தண்ணீர் அங்கே என்ன வேலை செய்கிறது? இன்ஜினுக்குள்ளே டீசல் எரிந்துகொண்டே இருக்கிறது. அந்தச் சூட்டில் ஒரு பகுதிதான் சக்கரத்தைச் சுற்றுகிறது, ஒரு பகுதி புகையோடு போய்விடும். மிச்சமுள்ள சூடு இன்ஜின் இரும்பிலேயே தங்கினால் இரும்பே வளைந்துவிடும். அதனால் இன்ஜினைச் சுற்றி உள்ளேயே வாய்க்கால் மாதிரி வழி வைத்திருக்கிறார்கள். ஒரு பம்பு அந்த வழியாகத் தண்ணீரைத் தள்ளும். சூடான தண்ணீர் மேல் குழாய் வழியாக முன்னால் இருக்கிற ரேடியேட்டருக்கு வரும். அங்கே மெல்லிய குழாய்களில் இறங்கும்போது காற்றுப் பட்டு ஆறும். ஆறினது கீழ்க்குழாய் வழியாகத் திரும்ப இன்ஜினுக்குப் போகும். நாள் முழுக்க இந்தச் சுற்றுதான்.

இடையில் தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்னக் கதவு உண்டு. அதற்குள்ளே மெழுகு இருக்கிறது. இன்ஜின் சூடேறி ஏறத்தாழ 80, 85 டிகிரி ஆனதும் மெழுகு உருகி விரிந்து கதவைத் திறக்கும். அதுவரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாது. இதைக் கழட்டி எறிந்துவிட்டால் வண்டி சூடே ஆகாது என்று சில டிரைவர்கள் சொல்லுவாங்க. நம்பாதீர்கள். இன்ஜினுக்குச் சரியான சூடு வராவிட்டால் டீசலும் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

மூடியைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. எல்லார் வீட்டிலும் குக்கர் இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். குக்கருக்குள் அழுத்தம் இருப்பதால் 120 டிகிரி பக்கம் போனால்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியும் அதே வேலையைத்தான் செய்கிறது. சூடான வண்டியில் மூடியைத் திறந்தால் உள்ளே இருந்த தண்ணீர் அந்த நிமிஷமே ஆவியாகிப் பீய்ச்சும். விசில் அடங்காத குக்கரை நீங்கள் யாராவது துண்டைச் சுற்றித் திறப்பீங்களா? அடுப்படியில் இவ்வளவு தெரிந்த நாம், ரோட்டில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்!

இனி, போர் தண்ணீர். நம்ம பக்கத்தில் போர் தண்ணீரைக் காய்ச்சுகிற அண்டாவின் உள்ளே பாருங்கள், வெள்ளையாக ஏடு கட்டியிருக்கும். அதே உப்புதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்க்குள்ளும் படிகிறது. அண்டாவை புளி போட்டுத் தேய்க்கலாம். ரேடியேட்டருக்குள் கை போகுமா? உப்பு ஒரு பக்கம், துரு ஒரு பக்கம். குழாய் அடைத்துக்கொண்டால் வெயில் காலத்தில், ஏற்றத்தில், பாரத்தோடு போகும்போது சூடு இறங்க வழியில்லை. தொப்பூரில் நடந்தது இதுதான். மூன்று வருஷமாக, குறைந்தால் பக்கத்துப் போரிலிருந்து ஒரு சொம்பு ஊற்றிக்கொண்டிருந்தோம்.

கூலண்ட் என்பது சாயம் கலந்த தண்ணீர் இல்லை. அதில் எத்திலீன் கிளைக்கால் என்ற ஒரு திரவமும், துருப்பிடிக்காமல் தடுக்கிற மருந்துகளும் இருக்கின்றன. குளிர் நாட்டில் தண்ணீர் உறையாமல் இருக்க இதை ஊற்றுவார்கள். நமக்கு ஊட்டிப் பனியை விட்டால் அந்தக் கவலை இல்லை. ஆனால் கொதிநிலையைக் கொஞ்சம் உயர்த்துவதும் துருவைத் தடுப்பதும் நமக்கும் வேண்டியவை. அந்த மருந்தின் சக்தி நாளாக ஆகக் குறையும். பழைய வகை கூலண்டுக்கு இரண்டு வருஷம் என்பார்கள், நீண்ட நாள் வகை ஐந்து வருஷம்கூட வரும். உங்கள் வண்டிக்கு எது என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை ஒரு கம்பெனியில் ஒரு வகை, இன்னொரு கம்பெனியில் வேறு வகை. வகை மாறிக் கலந்தால் உள்ளே கூழாகக் கட்டிக்கொள்ளவும் கூடும்.

ஹெட் வேலை முடிந்ததும் மெக்கானிக் அண்ணன் வெறும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, "ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. கசிவு இல்லேன்னா கழுவி, கூலண்ட் ஊத்திக்கலாம்" என்றார். கூலி 500 ரூபாய் சொன்னார். அப்போது தையல் குழு அக்கா ஒருவர் கேட்டார்: "நாங்க செய்யறோம், நீங்க பக்கத்துல நின்னு பாருங்க, சரியா?" அண்ணன் சிரித்தார். ஆனால் ஒத்துக்கொண்டார். 1989-ல் இதே தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கியபோது, பேங்க் சலானைப் பெண்கள் நிரப்புவதா என்று சிரித்தவர்களும் உண்டு என்று மூத்த அக்காக்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். முந்தின நாள் சாயந்திரத்திலிருந்து வண்டி ஓடவில்லை, தொட்டால் ஜில்லென்று இருந்தது. சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தோம். முக்கியமான ஒன்று: முந்தானையை இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள், பின்னலைக் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள். இன்ஜின் ஓடும்போது ஃபேனும் பெல்ட்டும் சுற்றும். அதில் சேலை நுனி மாட்டினால் என்ன ஆகும் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. சில கார்களில் சாவியை எடுத்த பிறகும், இன்ஜின் சூடாக இருந்தால் ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். கை அந்தப் பக்கமே போகக் கூடாது.

மூடியைக் கழற்றிவிட்டு, கீழே பழைய பிளாஸ்டிக் டப் ஒன்றை வைத்தோம். ரேடியேட்டரின் அடியில் தண்ணீர் வடிக்க ஒரு திருகு இருக்கும். நம்ம வண்டியில் அது துருப்பிடித்து அசையவில்லை. முறுக்கினால் உடைந்துவிடும் என்று அண்ணன் தடுத்து, கீழ்க்குழாயின் கிளிப்பைத் தளர்த்தச் சொன்னார். அக்கா குழாயை இழுத்ததும் கொட்டியது பாருங்கள், மழைக்காலத்துச் செம்மண் குட்டைத் தண்ணீர் மாதிரி! ஒரு வாரம் முன்பு ஊற்றின நல்ல தண்ணீர் அது. மூன்று வருஷத் துரு கரைந்து அப்படி ஆகியிருந்தது.

அந்த நேரம் பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி ஒன்று டப்பில் வாய் வைக்க ஓடிவந்தது. எல்லாரும் கத்தி விரட்டினோம். இதை நல்லாக் கேட்டுக்கோங்க. கூலண்ட் இனிப்பாக இருக்கும். அதுதான் ஆபத்து. அது விஷம், சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே எடுக்கும். ஆடு, மாடு, நாய், குழந்தை எல்லாம் இனிப்புக்கு வாய் வைக்கும். கீழே சிந்தினால் உடனே துடைத்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். காலி கேன் நல்லா இருக்கிறதே என்று எண்ணெய்க்கோ மோருக்கோ எடுத்து வைக்காதீர்கள். நம்ம வீடுகளில் எந்தக் கேனையும் எறிய மாட்டோம், அதனால்தான் சொல்கிறோம். ஓட்டை போட்டு எறியுங்கள். டப்பும் திரும்ப வீட்டுக்குள் போகக் கூடாது. குழந்தை தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, அந்தக் கேனையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

குழாயை மாட்டி, கழுவுவதற்கு ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் ஊற்றினோம். திரும்பவும் போர் தண்ணீரா என்று கேட்கக் கூடாதே! மூடியைப் போட்டு இன்ஜினை ஓடவிட்டோம். மேல் குழாய் சூடாகிறதா என்பதுதான் அடையாளம். அது சூடானால் தெர்மோஸ்டாட் கதவு திறந்து, தண்ணீர் எல்லா இடமும் சுற்ற ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். காரில் ஹீட்டர் இருந்தால் அதையும் முழுச் சூட்டில் வைக்க வேண்டும், அதன் குழாயும் கழுவப்படும். பத்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தினோம்.

பிறகு ஆறவேண்டும். இங்கேதான் எல்லாருக்கும் பொறுமை போகிறது. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அந்த நேரத்தில் ஒரு குழுவின் உள்கடன் கணக்கையே முடித்துவிட்டோம். குழாய் கையால் பிடிக்கிற அளவுக்கு ஆறின பிறகுதான் மறுபடி வடித்தோம். இரண்டாம் முறை டீ நிறம். மூன்றாம் முறை லேசான மஞ்சள். நான்காம் முறைதான் தெளிவாக வந்தது. அதற்குள் மணி மூன்று. கடைசியாக ஒரு முறை டிஸ்டில்டு வாட்டர் விட்டு அலசி வடித்தோம். பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் அது, கடையில் கேனில் கிடைக்கும். பேட்டரி ஆசிட் என்று ஒன்று தனியாக இருக்கிறது, கேனைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

உப்பு கரைக்கிற மருந்து கடையில் விற்கிறதே என்று சிலர் கேட்டீர்கள். இருக்கிறது. ஆனால் ரொம்பப் பழைய ரேடியேட்டரில் அந்த உப்பு ஏடே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். மருந்து விட்டால் ஏடு போய் ஒழுக ஆரம்பிக்கும். நம்ம வண்டிக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

அடுத்து ஒரு கணக்கு. நம்ம வேனின் கொள்ளளவு 9 லிட்டர். வடித்தால் 7 லிட்டர்தான் வெளியே வருகிறது. மீதி 2 லிட்டர் தண்ணீர் இன்ஜினுக்குள் தங்கிவிடுகிறது. கையேடு பாதிக்குப் பாதி கலக்கச் சொல்கிறது. கேனில் கலந்துவிட்டு ஊற்றினால், உள்ளே தங்கிய 2 லிட்டரும் சேர்ந்து கூலண்ட் நீர்த்துவிடும். என்ன செய்யலாம்? நம்ம பொருளாளர் அக்கா மண்ணில் குச்சியால் எழுதிப் போட்டார். மொத்தம் 9-இல் பாதி 4½. ஆகவே முதலில் கலக்காத கூலண்ட் 4½ லிட்டர், மேலே டிஸ்டில்டு வாட்டர் 2½ லிட்டர். உள்ளே இருக்கிற 2 லிட்டரோடு தண்ணீரும் 4½ ஆகிவிட்டது. மெக்கானிக் அண்ணன் கொஞ்ச நேரம் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிறிய கார்களுக்கு நான்கைந்து லிட்டர் பிடிக்கும். கலந்தே விற்கிற கூலண்டும் உண்டு. அதில் மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது, கேனில் எழுதியிருக்கும். அதே மாதிரி, நிறைய ஊற்றினால் நிறையக் குளிரும் என்று வெறும் கூலண்டையே நிரப்பாதீர்கள். சூட்டைச் சுமப்பதில் தண்ணீர்தான் கெட்டி. கூலண்ட் மட்டும் இருந்தால் சூடு குறைவாகத்தான் வெளியே வரும்.

மெதுவாக ஊற்ற வேண்டும். வேகமாக ஊற்றினால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். காற்று நிற்கிற இடத்தில் தண்ணீர் போகாது, அந்த இடம் மட்டும் சூடேறும். ஊற்றின பிறகு மூடியைப் போடாமலேயே இன்ஜினை ஓடவிட்டு, மேல் குழாயைத் துணி வைத்து அமுக்கி அமுக்கி விட்டோம். கொப்புளம் கொப்புளமாகக் காற்று வந்தது, மட்டம் இறங்கியது, திரும்ப ஊற்றினோம். மூடி திறந்திருக்கலாமா என்று கேட்பீர்கள். ஆறின வண்டியில் முதலிலிருந்தே திறந்திருந்தால் அழுத்தம் சேராது. ஆனாலும் முகத்தை மேலே நீட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். கொப்புளம் நின்றதும் இன்ஜினை நிறுத்தி, மூடி போட்டோம். பக்கத்தில் இருக்கிற வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு கோடு இருக்கும். இரண்டுக்கும் நடுவில் மட்டம் நிற்க வேண்டும். மறுநாள் காலை பார்த்தால் கொஞ்சம் இறங்கியிருந்தது. மறுபடி ஊற்றினோம். அதன் பிறகு இறங்கவில்லை. சில புது கார்களில் காற்று எடுக்கத் தனித் திருகு உண்டு, முறை வேறு. அதற்குக் கையேட்டைப் பாருங்கள்.

வடித்த பழைய தண்ணீரைச் சாக்கடையிலோ ஏரி வாய்க்காலிலோ கொட்டவில்லை. மூடியுள்ள கேன்களில் ஊற்றி, விஷம் என்று பெயிண்டில் எழுதி, ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிட்டோம். மொத்தச் செலவு 1,900 ரூபாய். அதில் மூடி புதிது. பழைய மூடியின் ரப்பர் வெடித்துப் போயிருந்தது.

வழியில் கொதித்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறோம். முள் மேலே ஏறும்போதே ஓரங்கட்டுங்கள். ஏ.சி. ஓடினால் முதலில் அதை நிறுத்துங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கித் தள்ளி நில்லுங்கள். ஆவி வந்துகொண்டிருந்தால் பானெட்டைக்கூடத் தொடாதீர்கள். அரை மணி போதாது, நன்றாக ஆறட்டும். முதலில் அந்த வெள்ளை டப்பாவைப் பாருங்கள். மூடியை அதன் பிறகுதான். அவசரத்துக்கு எந்த நல்ல தண்ணீரும் ஊற்றலாம், தப்பில்லை. வீட்டுக்கு வந்ததும் கழுவி மாற்றிவிட வேண்டும். இன்ஜின் ஆயிலைப் பார்க்கிற குச்சியில் பால் கலந்த காபி மாதிரி ஏதாவது தெரிந்தால், தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது என்று பொருள். அது நம் கைவேலை இல்லை, ஓட்டவும் கூடாது, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

யாருக்காவது கொதிதண்ணீர் பட்டுவிட்டால் வளையல், மோதிரம், கடிகாரத்தை உடனே கழற்றுங்கள், வீங்கின பிறகு கழற்ற முடியாது. இருபது நிமிஷம் சாதாரணத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருங்கள், ஐஸ் வேண்டாம். மஞ்சள், மை, நெய், பற்பசை எதுவும் பூசாதீர்கள். சுத்தமான துணியை லேசாகப் போட்டு ஆஸ்பத்திரிக்கு. டிரைவர் தம்பிக்குக் கையில் தழும்பு நின்றுவிட்டது. திரும்ப வண்டி எடுத்த முதல் நாள், மூடியைத் தொடாமல் டப்பாவை மட்டும் குனிந்து பார்த்துவிட்டு ஏறினார். இப்போது தினமும் அப்படித்தான்.

கணக்கு நோட்டில் எலுமிச்சம்பழ வரிசைக்குப் பக்கத்தில் ஒரு புதுக் கட்டம் கோடு போட்டிருக்கிறோம். திங்கட்கிழமை காலையில் டப்பா மட்டம் பார்த்தவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும், குழுவுக்கு ஒரு மாதம் முறை. இந்த மாதம் யார் முறை என்று பலகையில் எழுதியிருக்கிறது. நாங்களும் இனிமேல் அந்தக் கட்டத்தைப் பார்த்த பிறகுதான் அடியில் கையெழுத்துப் போடுவோம்.

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் வேன் பக்கத்தில் வாருங்கள். குழாய், டப்பா, வடிக்கிற இடம் எல்லாவற்றையும் அந்தத் தையல் குழு அக்காவே காட்டுவார். வண்டி இப்போதுதான் பென்னாகரத்திலிருந்து ஓடி வந்திருக்கிறது, சூடாக இருக்கும். அதுவரை மூடியில் யாரும் கை வைக்காதீர்கள்.